ஒன்பதாவது கேள்வி

படிப்பு தொடங்கிய முதல் வாரமே ஆளுக்கு ஒரு உலர்திராட்சையைக் கொடுத்துப் பத்து நிமிடம் வாயில் வைத்திருக்கச் சொன்னார்கள். மென்று விழுங்கக் கூடாதாம். அதன் சுருக்கங்களை நாக்கால் உணர வேண்டுமாம். நான் உணர்ந்தது குமட்டலைத்தான். முப்பது பேர் கண்ணை மூடிக்கொண்டு எச்சில் ஊற உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபோதே எழுந்துபோய் வீட்டுக்கு, ராச்டேல் ரயிலைப் பிடித்திருக்க வேண்டும். பிடிக்கவில்லை, ஏனென்றால் எனக்கு அந்தப் பட்டம் தேவைப்பட்டது.

என் பெயர் ஜனீன் கிளெக். வயது நாற்பத்தாறு. பதினேழு வருடம் பல் மருத்துவமனை ஒன்றின் வரவேற்பு மேசையில் இருந்தேன். அதை விட்டுவிட்டுத்தான் இங்கே வந்தேன். வேறு எதையோ படித்தவர்களை ஒரே வருடத்தில் உளவியல்காரர்களாக மாற்றிவிடும் முதுகலைப் படிப்பு இது. மனநலம்தான் முக்கியப் பாடம். இதை முடித்தால், மனம் ஒடிந்து டாக்டரிடம் வருகிறவர்களோடு உட்கார்ந்து பேசும் வேலைக்கு மனுப் போடலாம். அந்த வேலையை விரும்பிய அளவுக்கு நான் வேறு எதையும் விரும்பியதில்லை, என் முன்னாள் கணவனையும் சேர்த்து.

ஜனவரியில் ஆய்வுப் பாடம் வந்தது. மூன்று பேருக்கு ஒரு குழு. என்னோடு விழுந்தவர்கள் டாம்சினும் ரோட்ரியும். டாம்சின் ஆங்கில இலக்கியம் படித்தவள், இருபத்துநான்கு வயது. வாயைத் திறந்தால் எல்லைகள், வெளி, குணமாதல் என்றே பேசுவாள். பஸ் தாமதமானால்கூட அவளுக்கு அது ஒரு மனக்காயம். ரோட்ரி வேல்ஸ்காரன், இன்சூரன்ஸில் கணக்குப் போட்டவன். மனிதர்களைப் பார்த்தால் அவனுக்குப் பயம், எண்களைப் பார்த்தால் முகம் மலரும். மனநலம் படிக்க வந்த இந்த இரண்டு பேரும் பக்கத்து மேசையில் ஒருத்தி அழுதால் காதில் இயர்போனைச் செருகிக்கொள்வார்கள்.

நாங்கள் எடுத்த தலைப்பு, முதல் வருட மாணவர்களின் தனிமையும் மனச்சோர்வும். இளங்கலை முதல் வருடப் பிள்ளைகள் மற்றவர்களின் ஆய்வில் பங்கேற்று ஆய்வுப் புள்ளிகள் சேர்த்தால்தான் தேர்ச்சி. அதனால் யார் எந்தக் கேள்வித்தாளை நீட்டினாலும் நிரப்புவார்கள். எங்களுடையதை நூற்றுப் பன்னிரண்டு பேர் நிரப்பினார்கள். மனச்சோர்வுக்கு ஒன்பது கேள்விகள். தூக்கம், பசி, சோர்வு என்று போய், கடைசிக் கேள்வி இது: கடந்த இரண்டு வாரத்தில், செத்துப்போனால் தேவலை என்று எத்தனை நாள் தோன்றியது? தோன்றவே இல்லை என்றால் பூஜ்யம். கிட்டத்தட்ட தினமும் என்றால் மூன்று.

பதில்களில் பெயர் இருக்காது. ஆனால் ஒவ்வொருவரும் முடித்த நேரம் எங்கள் எக்செலில் இருந்தது. புள்ளி கொடுக்கும் இணையப் பக்கத்தில் பெயரும் அதே நேரமும் இருந்தன. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க மாட்டோம் என்று நெறிமுறைப் படிவத்தில் மூவரும் கையெழுத்துப் போட்டிருந்தோம். யாராவது மனம் கலங்கினால்? கடைசிப் பக்கத்தில் உதவி எண்கள் தருவோம் என்று எழுதியிருந்தோம். நெறிமுறைக் குழுவுக்கு அது போதுமானதாக இருந்தது.

பிப்ரவரியில் நூலகத்தில் உட்கார்ந்து ரோட்ரி கணக்கை ஓட்டினான். முடிவு தற்செயலாக வந்திருக்கும் வாய்ப்பைச் சொல்லும் எண் பூஜ்யம் புள்ளி பூஜ்யம் ஐந்துக்குக் கீழே வந்தால் அது கண்டுபிடிப்பு, மேலே போனால் குப்பை. எங்களுக்கு பூஜ்யம் புள்ளி பூஜ்யம் ஏழு வந்தது.

"அறுபத்தொண்ணாவது வரிசையைப் பாருங்க," என்றான் ரோட்ரி. "ஒம்பது கேள்விக்கும் மூணு. மொத்தம் இருபத்தேழு. ஆனா தனிமையே இல்லன்னு போட்டிருக்கு. இந்த ஒரு ஆளாலதான் எல்லாம் கெட்டுப்போகுது. விதிவிலக்குன்னு தூக்கிடலாம்."

"தூக்கிடு, தூக்கிடு," என்றாள் டாம்சின், வாழைப்பழத்தை உரித்துக்கொண்டே.

அவன் அழித்தான். பூஜ்யம் புள்ளி பூஜ்யம் நான்கு. இரண்டு பேரும் கை தட்டிக்கொண்டார்கள்.

"ஏம்ப்பா, அது ஒரு ஆளு," என்றேன். "தினமும் சாகணும்னு தோணுதுன்னு எழுதியிருக்கு. முதல்ல அது யாருன்னு பாக்க வேண்டாமா?"

"ஜனீன், உங்க உணர்வை நான் மதிக்கிறேன்," என்றாள் டாம்சின், நாய்க்குட்டியிடம் பேசும் குரலில். "ஆனா அது அவங்களோட பயணம். நாம எல்லையைத் தாண்டக் கூடாது."

"பயணமா? எங்க கண்ணு போறாங்க, பிளாக்பூல் கடற்கரைக்கா?"

ரோட்ரி கோப்பைச் சேமித்துவிட்டு மூடினான். அவள் வாயிலிருந்த வாழைப்பழம் அருவருப்பாக இருந்தது, முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

எங்கள் ஆசிரியர் டாக்டர் பியர்ஸிடம் போனேன். அவர் அறையில் டிஷ்யூ பெட்டி மூன்று இருக்கும், மாணவர் உட்கார நாற்காலி ஒன்றுதான் இருக்கும். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு கேட்டார்.

"இது உங்களுக்கு ரொம்பக் கஷ்டமா இருந்திருக்கும்," என்றார்.

"எனக்கில்ல, பியர்ஸ். அந்தப் பிள்ளைக்கு."

"உதவி எண்கள் கடைசிப் பக்கத்துல இருக்கு, இல்லையா? அப்ப நம்ம கடமை முடிஞ்சுது. பெயரைத் தேடினா அது விதிமீறல். படிப்புல உங்க இடமே போயிடும், ஜாக்கிரதை. இந்த அனுபவத்தை உங்க சிந்தனைக் குறிப்பேட்டுல எழுதுங்க. நல்ல மதிப்பெண் கிடைக்கும்."

ஒரு பிள்ளை சாக நினைக்கிறது, அதை வைத்து நான் நல்ல மதிப்பெண் வாங்க வேண்டுமாம். வெளியே வந்து கழிப்பறையில் முகத்தைக் கழுவினேன். அந்த அறையின் வாசனை சட்டையிலேயே ஒட்டிக்கொண்டிருப்பதுபோல இருந்தது. பிறகு மடிக்கணினியைத் திறந்து, அருகருகே வைக்கக் கூடாத இரண்டையும் அருகருகே வைத்தேன். பெயர் கிடைத்தது. ரோவன் டேட்டர்சால்.

செவ்வாய் பதினொரு மணிக்கு அவனுடைய வகுப்பு முடியும் அறை வாசலில் நின்றேன். நாலைந்து பேர் சிரித்துக்கொண்டு வந்தார்கள்.

"ரோவன் யாருப்பா?"

"நான்தான்," என்றான் நெட்டையான ஒருவன், கையில் பாதி தின்ற சாசேஜ் ரோலோடு.

தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். தனிமை, மனச்சோர்வு, கேள்வித்தாள் என்று நான் தட்டுத் தடுமாறிச் சொல்லச் சொல்ல அவன் புருவம் உயர்ந்துகொண்டே போனது. கடைசியில் அவன் வெடித்துச் சிரித்ததில் மாவுத் துகள்கள் என் கோட்டில் தெறித்தன.

"அய்யோ, அதுவா! எனக்கு ஒரு புள்ளி பாக்கி இருந்துச்சு. கடைசிக் கட்டத்தையே தட்டிக்கிட்டே போனேன். படிக்கவே இல்ல. டேய், இங்க வாங்கடா, நான் சாகப்போறேனாம்! இவங்க காப்பாத்த வந்திருக்காங்க!"

எல்லாரும் சிரித்தார்கள். "அம்மா, எனக்கும் ஒரு புள்ளி பாக்கி, என்னையும் காப்பாத்துங்க," என்றான் இன்னொருவன். மூக்கறுபட்டுத் திரும்பினேன். ரயிலில் கோப்பைத் திறந்து பார்த்தால், அறுபத்தொன்றாவது வரிசை மொத்தக் கேள்வித்தாளையும் முடிக்க எடுத்துக்கொண்டது முப்பத்தெட்டு விநாடி. தனிமைக் கேள்விகளில் கடைசிக் கட்டம், ஒருபோதும் இல்லை என்பது. அதை முதலிலேயே பார்த்திருக்கலாம். நல்லவளாக இருக்கும் அவசரத்தில் நான் பார்க்கவில்லை.

வெட்கம் தாங்காமல்தான் மற்ற வரிசைகளைப் பார்த்தேன். கூட்டுத்தொகையை விட்டுவிட்டு, ஒன்பதாவது கேள்வியை மட்டும் மேலிருந்து கீழாகப் படித்தேன். பூஜ்யம், பூஜ்யம், ஒன்று, பூஜ்யம். பதினான்காவது வரிசையில் மூன்று. அந்த வரிசை முழுக்க இதுதான்: பூஜ்யம், ஒன்று, பூஜ்யம், ஒன்று, ஒன்று, பூஜ்யம், ஒன்று, பூஜ்யம், மூன்று. தூங்குகிறது, சாப்பிடுகிறது, பாடம் படிக்கிறது, தினமும் செத்துப்போக நினைக்கிறது. மொத்தம் ஏழு. எங்கள் சராசரி எட்டு.

அப்படி நான்கு பேர். ஒவ்வொருவரும் பத்து நிமிடத்துக்கு மேல் நிதானமாகப் படித்துப் பதில் சொன்னவர்கள். உதவி எண்கள் இருந்த பக்கத்தில் நால்வரும் இரண்டு மூன்று விநாடிக்கு மேல் நிற்கவில்லை. யாருடைய கணக்கையும் அவர்கள் கெடுக்கவில்லை. அதனால் யார் கண்ணிலும் படவில்லை, என் கண்ணிலும். பல் மருத்துவமனையில் கத்திக் கூப்பாடு போடுகிறவனை உட்கார வைத்துவிட்டு, அவசரமில்லை என்று சொல்லி ஓரமாகச் சிரிக்கிறவளைத்தான் முதலில் உள்ளே அனுப்புவேன். பதினேழு வருடத்தில் எனக்குத் தெரிந்த ஒரே விஷயம் அதுதான். ஐந்து மாதப் படிப்பில் அதையும் தொலைத்திருக்கிறேன். டாம்சின்மீது வந்த அருவருப்பு அந்த ரயிலில் அப்படியே என் பக்கம் திரும்பியது.

வீட்டுக்குள் நுழைந்ததும், கோட்டைக்கூடக் கழற்றாமல், பெயர்களைப் பார்க்கப் புள்ளிப் பக்கத்தைத் திறந்தேன். உங்களுக்கு அனுமதி இல்லை என்று வந்தது. ரோவன் சிரித்துச் சொன்ன கதை அரை நாளில் துறை முழுக்கப் பரவி, டாம்சின் புகார் கொடுத்திருந்தாள். அவளுடைய குறுஞ்செய்தியும் இருந்தது: "எனக்குப் பாதுகாப்பா இல்லைன்னு தோணிச்சு, ஜனீன். உங்களையும் கவனிச்சுக்கோங்க." கீழே ஒரு இதயம்.

மறுநாள் காலை பியர்ஸ் முன்னால் நின்றேன். என் மீதான விசாரணை வெள்ளிக்கிழமை என்றார்.

"அதை விடுங்க. நாலு பேர் இருக்காங்க," என்றேன். "பேர் எனக்கு வேண்டாம். நீங்களே பாருங்க. இல்லாட்டி நூத்துப் பன்னிரண்டு பேருக்கும் ஒரு மின்னஞ்சல் அனுப்புங்க. வந்து பேசுங்கன்னு, ஒரு வரி."

நான்கு வரிசைகளையும் அச்செடுத்து நான் நீட்டிய தாளை அவர் பார்த்தார். உண்மையிலேயே பார்த்தார், அதையும் சொல்ல வேண்டும்.

"கூட்டுத்தொகை வரம்புக்குள்ளதான் இருக்கு," என்றார். "பங்கேற்பாளர்களுக்குப் புதுசா எது அனுப்பினாலும் குழுவோட ஒப்புதல் வேணும். அடுத்த கூட்டம் இருபத்தாறாம் தேதி."

"இன்னிக்குத் தேதி அஞ்சு."

"தெரியும், ஜனீன். ஆனா முறைன்னு ஒண்ணு இருக்கு. இன்னொரு தடவை நீங்க மாணவர்களை நெருங்கினா, என்னால உங்களைக் காப்பாத்த முடியாது."

"என்னைக் காப்பாத்தச் சொல்லி யாரு கேட்டா?" என்றேன். அவர் டிஷ்யூ பெட்டியை என் பக்கம் நகர்த்தினார். அதைச் சுவரில் எறியாமல் வந்ததுதான் அந்த வருடம் நான் கற்ற சுயகட்டுப்பாடு.

வியாழன் ஒன்பது மணிக்கு முதல் வருடம் முழுவதற்கும் பெரிய அரங்கில் வகுப்பு. விரிவுரையாளர் வரும்முன் மேடையில் ஏறி மைக்கைப் பிடித்தேன். இருநூறு முகம். "நம்ம மீட்பர் வந்தாச்சு!" என்று பின்வரிசையில் ஒரு குரல். சிரிப்பு. அது அடங்கும்வரை நின்றேன்.

"தனிமை பத்திக் கேள்வித்தாள் கொடுத்தது நாங்கதான்," என்றேன். "ஒம்பதாவது கேள்விக்கு உங்கள்ல நாலு பேர் உண்மையைச் சொன்னீங்க. நீங்க யாருன்னு எனக்குத் தெரியாது. படிச்சோம். மொத்தம் கம்மியா இருக்குன்னு தாண்டிப் போயிட்டோம். நான் மானங்கெட்டவ, தாண்டிப் போனவங்கள்ல நானும் ஒருத்தி. நான் டாக்டர் இல்ல. இந்தப் படிப்பையும் முடிக்கப்போறதில்ல. ஆனா இன்னிக்கு முழுக்கக் கீழ கான்டீன்ல, ஜன்னலோர மேசையில உக்காந்திருப்பேன். வாங்க. பேச வேண்டாம், சும்மா வந்து உக்காருங்க. டாக்டர்கிட்ட போகணும்னா கூடவே வர்றேன்."

யாரும் சிரிக்கவில்லை. விரிவுரையாளர் வாசலில் வாயைப் பிளந்து நின்றுகொண்டிருந்தார். அவரை ஒதுக்கிவிட்டு இறங்கிப் போனேன்.

பத்தரைக்குப் பியர்ஸின் மின்னஞ்சல் வந்தது. விசாரணை முடியும்வரை இடைநீக்கம், வளாகத்தைவிட்டு வெளியேறவும். பதினொன்றரைக்குக் காவலாளி வந்தார். வயதான மனிதர். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "உங்களை நான் தேடிட்டேதான் இருக்கேன், கண்ணுல படல," என்று சொல்லிவிட்டு வேறு கட்டடத்துக்குப் போய்விட்டார்.

பன்னிரண்டு, ஒன்று, இரண்டு. தேநீர் குடித்துக் குடித்து வாய் கசந்தது. கடந்து போன பிள்ளைகள் ஒவ்வொருவரையும் இதுவா, இதுவா என்று பார்த்தேன். யாரைப் பார்த்தாலும் நன்றாகத்தான் இருந்தார்கள்.

மூன்றரைக்கு ஒரு பெண் எதிரே வந்து உட்கார்ந்தாள். சுத்தமாக வாரிய தலை, பையில் ஹாக்கி மட்டை.

"அந்த நாலு பேர்ல நான் எத்தனாவது ஆள்?" என்று கேட்டாள்.

"தெரியாது, கண்ணு. உன் பேரைச் சொல்லு."

"மார்னி."

"எப்ப சாப்பிட்ட, மார்னி?"

"நல்லாத்தான் சாப்பிடறேன்," என்று சொல்லிச் சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே உடைந்தது. எழுந்துபோய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் அழுது முடித்ததும் அங்கிருந்தே டாக்டருக்குப் போன் போட்டோம். வரிசையில் பதினொன்றாவது அழைப்பு நாங்கள். அன்றைக்கே பார்த்தாக வேண்டும் என்று நான் அடம்பிடித்ததில் ஆறே காலுக்கு வரச் சொன்னார்கள்.

ஆறு மணிவரை இருவரும் அந்த மேசையிலேயே இருந்தோம். நான் வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், அவளும் பார்த்தாள். பிறகு கான்டீன்காரர் நாற்காலிகளைக் கவிழ்த்து மேசைமேல் அடுக்கத் தொடங்கினார். மற்ற மூன்று பேரும் வரவில்லை.