ஒரு பல் தள்ளி

சாயங்காலம் வண்டியைப் பார்க்க ஆள் வருகிறார். அதற்குள் நடுக்கம் நின்றுவிட்டால் வண்டி வீட்டோடு இருக்கும், நிற்காவிட்டால் போய்விடும். மாட்டு டாக்டருக்கும் அவள் கணவனுக்கும் நடந்த பேச்சுவார்த்தையின் முடிவு இதுதான்.

வண்டி என்றால் அந்தப் பழைய ஜீப். கல்யாணத்துக்கு முன்பே அவள் வாங்கியது. மலைமேல் இருக்கும் மாட்டுப் பண்ணைகளுக்குப் பாதை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது, கல்லும் ஓடையும்தான். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற வண்டி இல்லாமல் அங்கே ஏற முடியாது. ஜீப் போனால் அந்த மேல் பண்ணைகளும் அவளுக்குப் போயின. அப்புறம் ஊருக்குள் ஆஸ்பத்திரி மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, யாராவது பசுவைப் பிடித்துக்கொண்டு வருகிறார்களா என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

நடுக்கம் போன மாதம் தொடங்கியது. மெதுவாகப் போனால் வண்டி பரம சாது. வேகம் நாற்பதைத் தாண்டினால் போதும், தரையிலிருந்து சீட்டு வழியாகப் பல் வரைக்கும் ஓர் உதறல் ஏறும். டயர்களை மாற்றிப் பார்த்தாள். இன்ஜினைத் தாங்கும் ரப்பர்களைப் பார்த்தாள். கடைசியில் மெக்கானிக் வண்டிக்கு அடியில் படுத்தபடியே தீர்ப்பு சொன்னார்: "டிரைவ் ஷாஃப்ட்தான் டாக்டர். மாத்திடுங்க. ஓடுறப்போ உடைஞ்சா வம்பு."

கியர் பாக்ஸிலிருந்து பின் சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் இரும்புக் குழாய் அது. பக்கத்தில் நின்ற கணவனின் முகம் வெளுத்ததை அவள் கவனிக்காமல் இல்லை. தையல்காரர், இரும்பைக் கண்டால் பயப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டாள். அன்று இரவே அவன் "வித்துடலாம்" என்றான். ஒரு சட்டைக்குப் பொத்தான் பொறுக்க அரைநாள் எடுத்துக்கொள்கிற மனுஷன், ரெண்டே நாளில் ஆளையும் பிடித்துவிட்டான். அப்போதே அவளுக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும்.

"ஒரு தடவை நானே மாத்திப் பார்க்கிறேன். அப்பவும் ஆடினா வித்துக்கோங்க" என்று அவள் சொன்னதற்கு, அவன் ஊசியில் நூல் கோர்த்தபடி, நிமிராமல் தலையாட்டினான்.

சனிக்கிழமை காலை, பள்ளிச் சீருடை தைக்க வேண்டியது மலையாகக் கிடக்கிறது என்று சொல்லி அவன் கடைக்குப் போய்விட்டான். வீட்டு முற்றத்தில் ஜீப்பும், கோணியில் சுற்றிய புது ஷாஃப்டும், டாக்டரும், மாமியாரும் மிஞ்சினார்கள். மாமியார் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவள். முக்காலியைப் போட்டு, டார்ச் லைட்டோடு உட்கார்ந்துவிட்டாள்.

சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் மருமகள் மரக்கட்டைகளைச் செருகுவதைப் பார்த்து அவளுக்குப் பொறுக்கவில்லை.

"ஹேண்ட் பிரேக்னு ஒண்ணு எதுக்கும்மா இருக்கு? அலங்காரத்துக்கா?"

"இந்த வண்டியில அது சக்கரத்தைப் பிடிக்காது அத்தை. கியர் பாக்ஸ் பக்கத்துல, இந்த ஷாஃப்டைத்தான் பிடிக்கும். ஷாஃப்டையே கழட்டிட்டா பிரேக் எதைப் பிடிக்கும்?"

"அது சரி. எம் புள்ளைய நம்பி நான் வீட்டை விட்ட மாதிரி."

மருமகள் சிரித்துக்கொண்டே அடியில் நுழைந்தாள். முனைக்கு நாலு போல்ட். துருவுக்கு எண்ணெய் விட்டு ஊறவைத்துவிட்டுத் தேநீர் குடித்தார்கள். ஆனால் ஸ்பேனரை வைத்ததும் நட்டுகள் எதிர்பார்த்ததைவிடச் சுலபமாகத் திரும்பின. ஏதோ இப்போதுதான் யாரோ திறந்து மூடியது போல. அவள் அதை அதிர்ஷ்டக் கணக்கில் எழுதிக்கொண்டாள்.

ஷாஃப்டை மார்போடு அணைத்து இறக்கி, இழுத்து வெளியே கொண்டுவந்தாள். கோணியைப் பிரித்துப் புதியதைப் பக்கத்தில் வைத்தாள். நீளம் சரிதானா என்று பார்ப்பதற்காகத்தான். நீளம் சரியாகவே இருந்தது. வேறு ஒன்று சரியாக இல்லை.

ஷாஃப்ட் ஒரே துண்டு இல்லை. வண்டி மேட்டில் ஏறி இறங்கும்போது நீண்டு சுருங்குவதற்காக ஒன்றுக்குள் ஒன்று செருகிய இரண்டு துண்டுகள், உள்ளே பல் பல்லாக வெட்டியிருக்கும். இரண்டு முனையிலும் கவட்டை போல ஒரு பிடி. புதியதில் இரண்டு கவட்டைகளும் ஒரே நேர்கோட்டில் நின்றன. பழையதில் ஒன்று கொஞ்சம் திரும்பியிருந்தது, சட்டையில் பொத்தானை ஒரு துளை மாற்றிப் போட்டது மாதிரி.

"என்னம்மா முறைச்சுப் பார்க்கிற? பழசு உன்னைத் திட்டுதா?"

"அத்தை, இதை யாரோ பிரிச்சுத் திரும்பச் செருகியிருக்காங்க. ஒரு பல் தள்ளி. அதான் ஆட்டம்."

"யாரு?"

அவள் டார்ச்சை வாங்கிக்கொண்டாள். செருகும் இடத்தில் கிரீஸ் புதிதாக, வெண்ணெய் மாதிரி இருந்தது. அதைத் துணியால் துடைத்தாள். குழாயின் ஓரத்தில், பட்டும் படாமல், ஒரு பொட்டு நிறம். துரு இல்லை. மாதுளை முத்தின் சிவப்பு.

அந்தச் சிவப்பை அவளுக்கு நன்றாகத் தெரியும். போன மாதம் ஒரு வாரம் பயிற்சிக்கு வெளியூர் போய்த் திரும்பியபோது அலமாரியில் காணாமல் போயிருந்த நெயில் பாலிஷ்.

மாமியாரும் எட்டிப் பார்த்தாள். முகம் மெல்ல மலர்ந்தது. "இதைத்தானே நான் எடுத்து என் கிழட்டு நகத்துக்குப் பூசிக்கிட்டேன்னு ஒரு வாரம் என்னைச் சந்தேகமாப் பார்த்த?"

"நான் எப்போ அத்தை பார்த்தேன்?"

"வாயால கேக்கல. கண்ணால பார்த்த. பஸ்ஸுல டிக்கெட் எடுக்காதவனை நான் பார்ப்பேன்ல, அந்தப் பார்வை."

மருமகளுக்குச் சிரிப்பும் வந்தது, பின்னாலேயே வேறொன்றும் வந்தது. கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். "கடையைச் சாத்திட்டு வாங்க" என்று மட்டும் சொன்னாள்.

அவன் கழுத்தில் அளவு நாடா தொங்க, அப்படியே வந்தான். முற்றத்தில் அருகருகே கிடந்த இரண்டு ஷாஃப்டுகளையும் பார்த்தான். அவள் தொட்டுக் காட்டிய சிவப்புப் பொட்டையும் பார்த்தான். மாமியார், அடுப்பில் ஏதோ இருப்பதாகச் சொல்லி உள்ளே போய், ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

"நீ பயிற்சி முடிஞ்சு வர்றதுக்குள்ள கிரீஸ் வச்சு, புதுசு மாதிரி பண்ணி வைக்கலாம்னு நெனைச்சேன்" என்றான். "ஏழு வருஷமா இந்த வண்டியில சும்மா உட்கார்ந்து வர்றேன். வீடியோ பார்த்துதான் செஞ்சேன். பிரிக்கறதுக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் அடையாளம் வைக்கச் சொன்னாங்க. என் சாக்பீஸ் அழிஞ்சுடும்னு உன் பாலிஷை எடுத்தேன்."

"அப்புறம்?"

"அப்புறம் பெயின்ட் கரைக்கிற தின்னர் ஊத்திச் சுத்தமாக் கழுவினேன்."

ஜன்னலுக்குப் பின்னால் ஒரு தும்மல் கேட்டது. அது தும்மல் இல்லை.

அவள் சிரிக்கவில்லை. "ஆட ஆரம்பிச்ச அன்னைக்கே சொல்லியிருக்கலாமே."

"உள்ள எதையோ உடைச்சுட்டேன்னு நெனைச்சேன். சொல்ல வாய் வரல. நீ மலைக்குப் போற ஒவ்வொரு நாளும் மெஷின்ல என் கால் ஓடாது. அன்னைக்கு மழையில சாவி காணோம்னு தேடினோமே, அது என் பைக்குள்ளதான் இருந்துச்சு. வித்துட்டா நீ பத்திரமா இருப்ப, எனக்கும் சொல்ல வேண்டிய வேலை இல்லை."

"அது உடைஞ்சிருக்குன்னு நம்பிக்கிட்டே என்னை ஓட்ட விட்டீங்க." அவள் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும். "சாவியை ஒளிச்சு வைக்கத் தெரிஞ்சுது. வாயைத் திறக்கத் தெரியல. என் மலைப் பண்ணைகளையே விலை பேசிட்டீங்க."

அவன் அளவு நாடாவைக் கழற்றிக் கையில் சுருட்டினான், பிரித்தான், மறுபடி சுருட்டினான். "தப்புதான்" என்றான். அதற்கு மேல் ஒரு வார்த்தையும் ஒட்டவைக்கவில்லை. சாக்குச் சொல்லாமல் நிறுத்தியது அவளுக்குப் பிடித்திருந்தது. ஆனாலும் அதை உடனே காட்டிக்கொள்ள அவள் தயாராக இல்லை.

"சட்டையை மாத்திட்டு வாங்க. நீங்கதான் மாட்டப் போறீங்க."

"நானா? பழையதையே நேரா செருகினா போதாதா?"

அவள் பழையதன் முனையை அசைத்துக் காட்டினாள். ஜாயின்டில் லொடலொடவென்று சத்தம், ஓரத்தில் செந்தூள். "ஒரு மாசம் உதறினதுல இது தேய்ஞ்சு போச்சு. புதுசுதான் போடணும். இதுக்கு அப்புறமா ஜாயின்ட் மாத்தி, அவசரத்துக்கு வச்சுக்கலாம்."

அவன் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தான். பக்கத்திலேயே அவளும் படுத்தாள். புது ஷாஃப்டைத் தூக்கிப் பிடிக்க நாலு கை வேண்டியிருந்தது. துளைகளை ஒன்றோடு ஒன்று பொருத்தி, போல்ட்டைச் செருகி, நட்டைக் கையால் ஓட்டினான். துணியின் இரண்டு ஓரங்களைச் சேர்த்துப் பிடிக்கிற அதே விரல்கள். அவசரமில்லாமல், கோணாமல் வேலை செய்தன. "ஒரே பக்கமா முடுக்காதீங்க. எதிரெதிரா, கொஞ்சம் கொஞ்சமா" என்றாள். கிரீஸ் அவன் மூக்கில் சொட்டியது. அவள் துடைத்துவிடவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் துடைத்துவிட்டாள்.

ஊருக்கு வெளியே நேர்சாலையில் அவள் ஓட்டினாள். பின் சீட்டில் மாமியார். முப்பது. முப்பத்தைந்து. நாற்பதைத் தொட்டபோது அவன் கைப்பிடியை இறுகப் பற்றிக் கண்ணை மூடிக்கொண்டான். நாற்பதைத் தாண்டியது. ஐம்பதைத் தாண்டியது. கண்ணாடியில் பின்னால் ஓடும் மரங்கள் கலங்காமல், மரம் மரமாகத் தெரிந்தன.

"ரைட், ரைட், போலாம்" என்றாள் மாமியார். "அந்தக் கண்ணைத் திறக்கச் சொல்லும்மா."

திரும்பி வந்தபோது வாங்க வந்தவர் வாசலில் நின்றிருந்தார். அவள் இன்ஜினை நிறுத்தாமல் கணவனைப் பார்த்தாள். அவன்தான் முதலில் இறங்கினான்.

"மன்னிக்கணுங்க. வீணா அலைய வச்சுட்டேன். வண்டி விக்கறதுக்கில்ல."

"ஆடுதுன்னு சொன்னீங்களே?"

அவன் தன் நகங்களைப் பார்த்தான். ஒவ்வொன்றிலும் கறுப்பாக கிரீஸ். "நான் தப்பா மாட்டியிருந்தேன். இன்னைக்குச் சரியா மாட்டிட்டேன்."

வந்தவர் தலையை ஆட்டிக்கொண்டே போனார். அவன் திரும்பி வந்து அவள் பக்கத்துக் கதவில் சாய்ந்தான். இன்னும் ஏதாவது சொல்லவேண்டுமா என்று தெரியாத முகம்.

"புதுசு மாட்டினா கொஞ்ச தூரம் ஓடினதும் நட்டெல்லாம் இன்னொரு தடவை முடுக்கிப் பார்க்கணும்" என்றாள் அவள். "திங்கக்கிழமை மேல் பண்ணைக்குப் போறேன். ஸ்பேனரோட ஒரு ஆள் வந்தா நல்லா இருக்கும்."

"சீருடை?"

"ராத்திரி தைச்சுக்கோங்க. பொத்தானுக்குக் காஜா நான் எடுத்துத் தர்றேன்."

அவன் பின் சீட்டிலிருந்து அம்மாவை இறக்கிவிட்டு, அவளோடு உள்ளே போனான். கொஞ்ச நேரத்தில், திங்கட்கிழமைக்கு, கறை பட்டாலும் பரவாயில்லை என்கிற மாதிரி இன்னொரு பழைய சட்டை வீட்டில் ஏதாவது இருக்கிறதா என்று அம்மாவிடம் கேட்கும் குரல் வாசல் வரை கேட்டது.