பல் தடம்

கல்லில் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை தீட்டியிருந்தால், வழி இதுதான், தைரியமாக நட என்று அர்த்தம். நடைக்காரர்களுக்கு அது வழிகாட்டி. கானியோவுக்கு அதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். அவன் குடும்பம் தலைமுறை தலைமுறையாக ஆடு மேய்த்த சரிவு அது. யாரைக் கேட்டுத் தீட்டினார்கள்? ஒவ்வொரு குளிர்காலமும் அடுப்புக்கரியைக் குழைத்து அந்தப் பட்டைகள்மேல் பூசி மறைப்பான். பனி உருகியதும் தங்கை புருஷன் ஏஜீதியோ பெயிண்ட் டப்பாவோடு ஏறிவந்து மறுபடி தீட்டுவான். சில வருஷமாக இந்தக் கூத்து நடக்கிறது. இரண்டு பேருக்கும் ஒருநாளும் சிரிப்பு வந்ததில்லை.

நடைக்காரர்கள் என்றால் இத்தாலியின் வடக்கே மிலானோ, பெர்கமோ பக்கமிருந்து ரயிலேறி வருகிற கூட்டம். கையில் இரண்டு குச்சி, முதுகில் தன்னைவிடப் பெரிய பை. கழுதைமேல்கூட ஏற்றாத பாரத்தை, காசு கொடுத்துத் தானே சுமக்கிற ஜனங்கள். கானியோவின் ஓட்டைக் கூரையைப் படம் எடுப்பார்கள். ஒருத்தி அவனுடைய கிழிந்த கோட்டைக்கூட விடவில்லை. எவ்வளவு நிம்மதியான இடம் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். நிம்மதியைக் கெடுக்க வந்தவர்களே அதைச் சொன்னால் வயிறு எரியாதா?

இவர்களைக் கூட்டிக்கொண்டு வருகிறவன்தான் ஏஜீதியோ. கீழே ஊரில் நாலு அறை கட்டி வாடகைக்கு விட்டிருந்தான். கானியோவின் ஆட்டுப்பட்டிக்கு அருகில் ஓக் மரத்தடியில் ஒரு ஊற்று உண்டு. அங்கே மேசை போட்டு வந்தவர்களுக்கு ரொட்டியும் பாலாடைக்கட்டியும் ஒயினும் பரிமாற வேண்டும் என்பது அவன் ஆசை. கேட்டான். கானியோ மாட்டேன் என்றான். மறுபடி செரபீனாவை அனுப்பிக் கேட்டான். தங்கை வந்து அழுதும் கானியோ மசியவில்லை. அன்றோடு அந்த வீட்டில் அவனுக்குக் கிறிஸ்துமஸ் சாப்பாடு இல்லை.

அந்த மலையில் கானியோ மரியாதையாகக் கூப்பிட்ட ஒரே ஜீவன் அவனுடைய வெள்ளை நாய்தான். பெயர் பரோனே. ஜமீன்தார் என்று பொருள். கழுத்தில் இரும்புப் பட்டை, அதில் வெளிப்பக்கமாக ஆணிகள் துருத்திக்கொண்டிருக்கும். ஓநாய் குரல்வளையைக் கவ்வ வந்தால் அதன் வாய்தான் கிழியும். போன வருஷத்துப் பனியில் ஓநாய்க் கூட்டம் பட்டியைச் சுற்றியபோது பரோனே விடியும்வரை தனியாக நின்று மல்லுக்கட்டியது. ஒரு காது போயிற்று, ஓர் ஆடுகூடப் போகவில்லை. கானியோவின் மனைவி வேலைக்கென்று ஜெர்மனிக்குப் போனவள் திரும்பவே இல்லை. அதற்குக்கூட அழாதவன், அந்தக் காதுக்கு மருந்து வைக்கும்போது சின்னப் பிள்ளைபோல அழுதான்.

அந்த நாயின் தலைக்குமேல்தான் இப்போது கத்தி தொங்கியது. போன கோடையில் ஒரு மிலானோக்காரர், குட்டியைத் தூக்கி வைத்துப் படம் எடுக்கலாம் என்று மந்தைக்குள் புகுந்தார். பரோனே அவர் கெண்டைக்காலைப் பதம் பார்த்தது. ஊர்க்காவல் அதிகாரி புருனெல்லா, மேயரின் உத்தரவோடு ஏறிவந்தாள். இன்னொரு கடி, அப்புறம் கால்நடை மருத்துவரின் சாவு ஊசி. படித்துக் காட்டும்போது அவள் கானியோவின் முகத்தைப் பார்க்கவில்லை.

மே மாதக் கடைசி. ஆடுகள் குட்டி போட்டிருந்தன. காலை வெயிலில் ஏஜீதியோ ஒரு கூட்டத்தோடு கீழ்ச் சரிவில் தென்பட்டான். குட்டிகளோடு மந்தை மேய்ந்தால் மேல்பக்கமாகச் சுற்றித்தான் போக வேண்டும் என்பது மலையில் பிறந்த எவனுக்கும் தெரியும். மந்தைக்கும் நாய்க்கும் நடுவே போகக் கூடாது. குச்சியை ஓங்கவே கூடாது. கானியோ வழக்கம்போல மேலே போகச் சொல்லிக் கத்தினான்.

ஏஜீதியோ கூட்டத்தைக் கற்சுவருக்கு அப்பால் நிற்க வைத்தான். பிறகு தான் மட்டும், குச்சியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, குட்டிகளுக்கு நடுவே நேராக நடந்து வந்தான். வடக்கத்தியான் செய்தால் அறியாமை. இவன் செய்தால் வேறு. கானியோவுக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. கடிபடுவதற்கென்றே வருகிறான்.

பரோனே பாய்ந்தது. கானியோவும் ஓடினான். அந்த வயதில் அப்படி ஓட முடியும் என்று அவனுக்கே தெரியாது. ஏஜீதியோவின் கைக்கு ஒரு சாண் தூரத்தில் நாயின் கழுத்துப் பட்டையைப் பிடித்துவிட்டான். ஆணி உள்ளங்கையில் இறங்கியது, விடவில்லை. ஏஜீதியோ பின்வாங்கிய வேகத்தில் கால் இடறி முட்புதருக்குள் மல்லாக்க விழுந்தான்.

எழுந்து முழங்கைக்குக் கீழே பார்த்தான். நீளமான முள் இரண்டு இடத்தில் குத்தி ரத்தம் வழிந்தது. அதையே கொஞ்ச நேரம் பார்த்தவன் சிரிக்க ஆரம்பித்தான். சுவருக்கு அப்பால் நின்றவர்களுக்குப் புரியாத மலைப் பேச்சில், குரலைத் தாழ்த்திச் சொன்னான்:

"ரெண்டு ஓட்டை, பாத்தியா மச்சான்? பல்லு மாதிரியே இருக்கு."

"அது முள்ளு."

"உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். புருனெல்லாவுக்கு? அங்க நிக்கிறவங்க நாய் பாஞ்சதப் பாத்தாங்க, நான் விழுந்ததப் பாத்தாங்க. மிச்சத்த அவங்களே சொல்லிருவாங்க."

உண்மைதான். தூரத்தில் ஒருத்தி நாய் கடித்துவிட்டது என்று ஏற்கெனவே கத்திக்கொண்டிருந்தாள். வாழ்நாளில் யாரிடமும் கெஞ்சாத கானியோ கெஞ்சினான்.

"ஊத்த எடுத்துக்க மாப்ள. மேசை போட்டுக்க, என்ன வேணா போட்டுக்க. நாய விட்ரு."

"ஊத்து மட்டும் எனக்கெதுக்கு?" ஏஜீதியோ பேண்டில் ஒட்டிய முள்ளை நிதானமாக எடுத்துப் போட்டான். "நாய் போச்சுன்னா பனி விழுந்து முடியறதுக்குள்ள ஆடு போயிரும். ஆடு போச்சுன்னா நீயே எறங்கி வந்து எல்லாத்தையும் எங்கிட்ட விப்ப. நான் அவசரப்படல."

கானியோ பரோனேயைக் கூட்டிப்போய் ஓக் மரத்தில் கட்டினான். ஊற்றில் உள்ளங்கையைக் கழுவினான். திரும்பி வரும்போது அவன் முகத்தில் கோபம்கூட இல்லை.

"கையக் காட்டு. முள்ளு உள்ளயே ஒடஞ்சிருந்தா சீழ் வச்சிரும்."

தோற்றவன் பணிவிடை செய்கிறான் என்று ஏஜீதியோ நினைத்திருக்க வேண்டும். சிரித்துக்கொண்டே கையை நீட்டினான். கானியோ அதை இரண்டு கையாலும் பிடித்தான், குனிந்தான், முள் குத்திய அதே இடத்தில் வாயை வைத்துக் கடித்தான்.

உப்புக் கரித்தது. மயிர் நாக்கில் ஒட்டியது. அவனுக்கே குமட்டிக்கொண்டு வந்தது, ஆனாலும் தாடையைத் தளர்த்தவில்லை. ஏஜீதியோ அலறினான், மற்றக் கையால் அவன் மண்டையில் குத்தினான். வடக்கத்தியார் பைகளைப் போட்டுவிட்டு ஓடிவந்து ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். வாயை எடுக்கும்போது கானியோவின் தாடியெல்லாம் ரத்தம்.

மத்தியானம் எல்லோரும் ஊர்க்காவல் அலுவலகத்தில் நின்றார்கள். முதலில் நாய் கடித்தது, அப்புறம்தான் இந்தப் பைத்தியம் கடித்தான் என்று ஏஜீதியோ சாதித்தான். புருனெல்லா அவன் கையை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். மேலே ஒரு வளையம், கீழே ஒரு வளையம், நடுவில் வீங்கிக் கன்றிப்போன சதை. முள் குத்திய இடம் எங்கே என்று கடவுளுக்குத்தான் தெரியும். மேல் வளையத்தில் ஒரு பல்லின் இடம் மட்டும் காலி.

"வாயத் தொறங்கண்ணே," என்றாள் கானியோவிடம்.

திறந்தான். முன்னால் ஒரு பல் இல்லை. புருனெல்லா கையைப் பார்த்தாள், வாயைப் பார்த்தாள், மறுபடி கையைப் பார்த்தாள். நடைக்காரர்களைக் கேட்டாள். காலையில் தூரத்திலிருந்து பார்த்ததெல்லாம் அவர்களுக்கு மறந்தே போயிருந்தது. கிட்டத்தில் பார்த்தது அப்படிப்பட்ட காட்சி. நாயா, அதைத்தான் இவர் பிடித்துக் கட்டிவிட்டாரே, கடித்தது இந்த ஆள்தான் என்று ஒரே குரலில் சொன்னார்கள். கண்ணாடி போட்ட பெண்மணி ஒருத்தி சொல்லும்போதே கானியோவைவிட்டுத் தள்ளி நின்றுகொண்டாள்.

செரபீனா ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்தாள். புருஷனின் கையைப் பார்த்தாள். அண்ணனிடம் போய் நின்றாள்.

"ஒனக்கு மனுஷங்க வேணாம்ல? சரி. இனிமே நீ செத்துக் கெடந்தாலும் நாய்தான் அழணும். நான் வர மாட்டேன்."

கானியோ தலையை ஆட்டினான். அவனுக்கு வலித்தது. சொல்லப்போனால் ஆணி இறங்கிய கையைவிட அதிகமாகவே வலித்தது. ஆனால் அவன் கண் புருனெல்லாவின் மேசையிலேயே இருந்தது. அவள் ஏஜீதியோவையும் மற்றவர்களையும் வெளியே அனுப்பிவிட்டு உட்கார்ந்தாள்.

"ஒங்க மேல கேசு வரும் கானியோண்ணே. கோர்ட்டுக்கு அலையணும்."

"அத விடு. நாய்?"

"நாய் மேல ஒண்ணும் இல்ல."

கானியோவுக்கு நம்பிக்கை வரவில்லை. கீழே ஊரில் ஒன்று சொல்வார்கள், நாளைக்கு மேலே வந்து வேறொன்று செய்வார்கள். இதுவரை அப்படித்தான் நடந்திருக்கிறது.

"அந்த உத்தரவுல என்ன இருக்கு? கடிச்சா ஊசி. அதான?"

"அது நாய்க்குண்ணே."

"கடிச்சது நான். ஊசிய எனக்குப் போட்டுருங்க. அதோட முடிஞ்சுதுன்னு கையெழுத்துப் போட்டுக் குடு. அப்பறம் யாரும் மேல வரக் கூடாது."

சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டி, புண்பட்ட உள்ளங்கை மேலே தெரிய, மேசைமேல் நீட்டினான். புருனெல்லா வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு அவன் பல்லைக் கடித்துக்கொண்டு முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக் காத்திருப்பதைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினாள்.