முன்னுரையின் கடைசி வரி

'ரெண்டு நூலகத்துக்கு நன்றி, மியூசியத்துக்கு நன்றி, படிச்சுத் திருத்தின மூணு நண்பர்களுக்கு நன்றி. கடைசியா நான். நல்லவேளை, நம்ம வீட்டுல பூனை இல்ல. இருந்திருந்தா அதுக்கும் பின்னாடிதான்.'

இப்படி நினைத்துக்கொண்டே மேவிஸ் டைப்ரைட்டரில் தாளை ஏற்றிவிட்டு, கணவன் எழுதிய முன்னுரையை மறுபடி பார்த்தாள். 'பொறுமையோடு தட்டச்சு செய்த என் மனைவிக்கு' என்று முடிந்திருந்தது.

லண்டன் கல்லூரியில் வரலாறு சொல்லித்தரும் லெனார்ட், பழைய இந்தியாவைப் பற்றி ஐந்து வருடமாக எழுதிய புத்தகம் அது. பாம்பாட்டியையும் மகாராஜாவையும் தவிர வேறொன்றும் அறியாதவர்களுக்காக எழுதியது. தட்டச்சு செய்தவள் அவள்தான், மூன்று முறை. ஆனால் அதில் வரும் நாற்பத்தோரு கவிதைகளைச் சமஸ்கிருதத்திலிருந்தும் பழந்தமிழிலிருந்தும் மொழிபெயர்த்தவளும் அவளே. ஒரு பாட்டில் வருவது கொக்கா நாரையா என்று இரண்டு வாரம் தூங்கவில்லை. அந்த மொழிபெயர்ப்பைப் பற்றி முன்னுரையில் ஒரு வார்த்தையும் இல்லை.

அவனே சொல்வான் என்று இத்தனை நாள் வாயைத் திறக்காமல் இருந்தது அன்பினாலா, சோம்பலினாலா? அவளுக்கே தெரியவில்லை.

டீக் கோப்பையோடு லெனார்ட் வந்தான். "முடிஞ்சுதா? நாலு மணிக்குப் பதிப்பகத்து ஆள் வந்துடுவான்."

"பாட்டெல்லாம் யாரு மொழிபெயர்த்ததுன்னு போடலியே?"

"அட, எல்லா முன்னுரையும் இப்படித்தான் மேவிஸ். எங்க காலேஜ் பெர்சிவல் ஒன்பது புத்தகம் எழுதிட்டான், ஒன்பதுலயும் டைப் அடிச்சதுக்குத்தான் அவன் பொண்டாட்டிக்கு நன்றி."

"அவ டைப் மட்டும்தானே அடிச்சா?"

"ரெண்டு பேரு போட்டா படிக்கிறவன் குழம்பிடுவான். நீ வேற நான் வேறயா?"

"இல்லதான். அப்ப அட்டையில என் பேரை மட்டும் போட்டுடலாமா?"

லெனார்ட் விழுந்து விழுந்து சிரித்தான். அவள் சிரிக்கவில்லை என்பதைக் கொஞ்சம் தாமதமாகத்தான் கவனித்தான்.

"சரிம்மா, கோவிச்சுக்காத. 'அளவில்லாத பொறுமையோடு'ன்னு மாத்திடறேன். சந்தோஷமா? அடிச்சுடு."

இந்த மனிதன் கெட்டவன் இல்லை, அதுதான் கஷ்டம் என்று தோன்றியது அவளுக்கு. நூலகங்களுக்கான நன்றிவரை தட்டச்சு செய்தாள். நண்பர்களுக்கானதையும் அடித்தாள். பிறகு எழுந்து, நாற்காலியை அவன் பக்கமாக நகர்த்தினாள்.

"அந்த வரியை மட்டும் நான் அடிக்க மாட்டேன், லெனார்ட்."