தேய்த்த கழுத்து

எட்டாம் வகுப்பில் கணக்கு மிஸ் என் காலரை விரலால் இழுத்து, கழுத்தின் கறுப்பைப் பார்த்துவிட்டு, வீட்டில் தண்ணீர் வருவதில்லையா என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. மறுநாள் அம்மாவை வரச் சொன்னார். அம்மா அடுக்குமாடியில் நான்கு வீடுகளைப் பெருக்கித் துடைக்கிறவள். மிஸ் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு, "இனிமே நல்லா தேய்ச்சுக் குளிப்பாட்டி அனுப்பறேன் மேடம்," என்றாள்.

அன்றிலிருந்து பீர்க்கங்காய் நார், எலுமிச்சை, கடலைமாவு. பிறகு பாத்திரம் தேய்க்கும் பச்சை நார். தோல் எரிந்தது. கறுப்பு போகவில்லை, மடிப்பு மடிப்பாகத் தடித்தது. பத்தாவது தொடங்கும்முன் பள்ளிக்குப் போவதை நிறுத்திவிட்டேன். ஈஜிபுராவில் எங்கள் தெருவில்கூட, துப்பட்டாவைக் கழுத்தில் இரண்டு சுற்றுச் சுற்றாமல் இறங்கமாட்டேன்.

நான்கு மாதமாக மாதவிலக்கு வரவில்லை என்று போன வாரம் அம்மா என்னை கிளினிக்குக் கூட்டிப் போனாள். டாக்டர் அம்ருதா இடுப்பை அளந்தார், பிரஷர் பார்த்தார், ரத்தப் பரிசோதனைத் தாளைப் படித்தார். பிறகு துப்பட்டாவை எடுக்கச் சொன்னார். நான் எடுக்கவில்லை. அம்மாதான் எடுத்தாள். தினமும் தேய்த்துத்தான் விடுகிறேன் என்று டாக்டரிடமும் மன்னிப்புக் கேட்பதுபோலச் சொன்னாள்.

"தேய்க்காதீங்க. இது அழுக்கே இல்லம்மா. உள்ள இருக்கற இன்சுலின்."

வயிற்றுக்குள் சேரும் கொழுப்பு சும்மா கிடப்பதில்லையாம். ரத்தத்தில் ஏதேதோ வேதிப்பொருட்களைக் கலந்துகொண்டே இருக்குமாம். அதனால் உடம்பின் செல்கள் இன்சுலின் பேச்சைக் கேட்காமல் போக, கணையம் மேலும் மேலும் சுரக்குமாம். மிஞ்சிய இன்சுலின் தோலின் செல்களைத் தூண்டிவிட, அது தடித்துக் கறுக்குமாம். மாதவிலக்கு தள்ளிப்போவதும், சர்க்கரையும் பிரஷரும் ரத்தக் கொழுப்பும் சேர்ந்து ஏறுவதும் பெரும்பாலும் இந்த வழியில்தானாம். என் சர்க்கரை எல்லையில் நிற்கிறது. சாப்பாட்டை மாற்றி, தினமும் நடந்தால் இறங்கும், கறுப்பும் மங்கும் என்றார்.

எனக்குச் சந்தோஷம் வரவில்லை. கொழுப்பு என்று அவர் சொன்னது வெளியே பெஞ்சில் இருந்தவர்களுக்குக் கேட்டிருக்குமோ என்றுதான் நினைத்தேன்.

திரும்பி நடக்கும்போது, "நான் தினமும் குளிச்சேன்மா," என்றேன்.

"தெரியும்டி. நான்தானே தண்ணி ஊத்துனேன்."

"அப்ப மிஸ்கிட்ட ஏன் சொல்லல?"

அம்மா கையிலிருந்த பரிசோதனைத் தாளை நான்காக மடித்தாள்.

"படிச்சவங்க சொல்றாங்க, தப்பு நம்ம மேலதான் இருக்கும்னு நெனச்சேன்," என்றாள்.

முகத்தைச் சாலைப் பக்கம் திருப்பிக்கொண்டாள். கேட்டிருக்கக் கூடாது. பதில் எனக்கு முன்பே தெரியும். அவள் வாயால் சொல்லவைக்கத்தான் கேட்டேன்.