வலைக்குப் பின்னால் மூன்றாவது வரிசை

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து கோப்பி குடித்த கையோடு, ஈப்போவை ஒட்டிய குனோங் ராபாட்டில் கஸ்பார் வீட்டு ஹாலில் கனடாக்காரர்கள் சண்டை போட ஆரம்பித்துவிடுவார்கள். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும். உள்ளே டிவியில் தடிதடியான ஆட்கள் காலில் கத்தியைக் கட்டிக்கொண்டு பனிக்கட்டி மேல் வழுக்கி ஓடுவார்கள். கையில் வளைந்த கட்டை. அடிக்கிற பந்தாவது பந்து மாதிரி இருக்கிறதா என்றால் அதுவும் இல்லை, ஒரு கறுப்புச் சில்லு. அது எங்கே போகிறது என்று தேடுவதற்குள் நமக்குத் தலை சுற்றும். கஸ்பாருக்குச் சுற்றாது. அவன் நீலச் சட்டை அணியின் வெறியன். ஈப்போவில் அந்த அணிக்கு இருந்த ஒரே வெறியன் என்றுகூடச் சொல்லலாம்.

டிவியில் ஓடுகிற வீடியோ கேசட்டெல்லாம் அண்ணன் ஸ்டானிஸ்லாஸ் அனுப்புவது. எழுபத்தெட்டில் வேலை கிடைத்துக் கனடாவுக்குப் போனவன், போன இடத்தில் ஹாக்கிப் பித்துப் பிடித்து, வருசா வருசம் சீசன் முழுவதற்கும் ஒரே இருக்கையாகக் காசு கட்டி வைத்துக்கொண்டான். வலைக்குப் பின்னால், கண்ணாடித் தடுப்பை ஒட்டி, மூன்றாவது வரிசை. அவன் ஆட்டத்துக்குப் போயிருக்கும்போது தைப்பிங்கிலிருந்து கட்டிக்கொண்டு போன மனைவி பெட்ரீசியா வீட்டில் பதிவுப் பொத்தானை அழுத்திவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவாள். விளம்பரம், வானிலை என்று வந்ததெல்லாம் அப்படியே கேசட்டில் ஏறும். ஸ்டானிஸ்லாஸ் அதைத் திருப்பிப் போட்டுப் பார்ப்பதே கிடையாது. நேரில் பார்த்தவனுக்குக் கேசட் எதற்கு? சீசன் முடிந்ததும் மொத்தத்தையும் பெட்டியில் கட்டிக் கப்பலில் போட்டுவிடுவான். ஜூலை வாக்கில் ஈப்போவுக்கு வந்து சேரும்.

கனடா கேசட் நம்மூர் மிஷினில் ஓடாது, படம் மேலும் கீழுமாக உருளும் என்பது முதல் பெட்டி வந்தபோதுதான் தெரிந்தது. அதற்கென்று வேறு மிஷின் வாங்கினான் கஸ்பார். கல்யாணம் கட்டாதவன், கேட்க ஆளில்லை. வாரத்துக்கு ஒரு ஆட்டம் என்று வைத்துக்கொண்டதால் ஒரு சீசன் ஏறக்குறைய ஒரு வருசத்துக்கு வந்தது. எப்போதோ முடிந்துபோன ஆட்டத்துக்கு இவன் இங்கே தொண்டை கிழியக் கத்துவான். அண்ணன் போன் பண்ணினால் முதல் வார்த்தையே, யார் ஜெயித்தார்கள் என்று வாயைத் திறக்காதே என்பதுதான். வேலையோ ஐஸ் ஃபாக்டரி லோரியில் மார்க்கெட்டுக்கும் கோப்பிக் கடைகளுக்கும் ஐஸ் கட்டி போடுவது. நாலு தெரு தாண்டுவதற்குள் சாக்கு நனைந்து ஒழுகுகிற சாமான் அது. அதையே ஒரு மைதானம் அளவுக்குப் பரப்பி, கரையாமல் வைத்து, அதன்மேல் ஆட்டமும் ஆடுகிறார்களே என்பதில்தான் அவன் முதலில் விழுந்தான்.

அவன் அம்மா நவமணிக்கு ஆட்டத்தைப் பற்றி ஒரு கவலையும் இல்லை. ரப்பர் தோட்டத்தில் முப்பது வருசத்துக்கு மேல் பால் வெட்டினவள். தோட்டத்தை வீட்டு நிலமாக்கி விற்றபோது தட்டுமுட்டுச் சாமானோடு மகன் வீட்டுக்கு வந்தாள். அவளுக்கு வேண்டியது அந்த மூன்றாவது வரிசைதான். ஸ்டானிஸ்லாஸ் புறப்பட்ட வருசம் கேமரன் மலைக்குப் போய் அவளே வாங்கி வந்த சிவப்புக் கம்பளித் தொப்பி, அத்தனை வெள்ளைக்காரர் நடுவில் பளிச்சென்று தெரியும். ஆட்டம் அந்தப் பக்கத்து வலைக்கு வந்தால்தான் கேமரா அங்கே திரும்பும். ஆகவே எவன் எவனுக்குக் கோல் அடித்தாலும் அது அந்த வலையில் விழ வேண்டும் என்று கிழவி வேண்டிக்கொள்வாள். அங்கே நீலச் சட்டை கோல்காரன் நிற்கிற நேரத்திலும் அதே வேண்டுதல்தான். கஸ்பாருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். நம்ம ஆள் தோற்கணும்னு ஜெபமாலை உருட்டுறியே, உனக்கே நல்லாருக்காம்மா என்பான்.

"எதிராளி இந்தப் பக்கம் வந்து அடிச்சாத்தானேடா எம்புள்ள மூஞ்சி தெரியும்" என்பாள் அவள்.

மூன்றாவது வரிசைக்கு அடுத்தபடி அவளுக்குப் பிடித்தவன் இடைவேளையில் வருகிற வானிலைக்காரன். ஒல்லியான ஆள், கையில் குச்சி, பின்னால் பெரிய படம். எந்தப் புள்ளி ஸ்டானிஸ்லாஸ் ஊர் என்பதைக் கஸ்பார் ஒருமுறை காட்டிக் கொடுத்ததே போதும். வெள்ளைப் பூப் போட்டிருந்தால் பனி கொட்டுகிறது. சாம்பல் பஞ்சு என்றால் மேகம். மஞ்சள் வட்டம் என்றால் வானம் சுத்தம். பூவைப் பார்த்துவிட்டால் அன்று முழுக்க, பிள்ளை வேலைக்கு எப்படிப் போயிருப்பான் என்று புலம்பிக்கொண்டிருப்பாள். அந்தப் பனி பெய்து உருகி ஆறு மாசம் ஆகியிருக்கும். அதைச் சொன்னால் மட்டும் கேட்டுவிடுவாளா?

கஸ்பாரின் தங்கை கத்தரின் தையல் ஃபாக்டரிக்குப் போய்க்கொண்டே அம்மாவைக் குளிப்பாட்டி, மருந்து கொடுத்து, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு அலைந்தவள். பெரியண்ணன் போன நாள் முதல் ஒரு தடவைகூட ஊருக்கு வரவில்லை என்பது அவளுக்கு ஆறாத கோபம். அந்த ஆட்டத்து இருக்கைக்குக் கட்டுகிற காசை ஒரே ஒரு வருசம் கட்டாமல் விட்டிருந்தால் வந்து அம்மாவைப் பார்த்துவிட்டுப் போயிருக்கலாம் என்பாள். கஸ்பார் பாய்வான். அவன் கஷ்டம் உனக்கென்ன தெரியும், குளிர் ஊரில் ஒரு மனுசனுக்கு ஒரு சந்தோசம் வேண்டாமா என்று. அண்ணனைப் பற்றி வீட்டில் ஒரு சொல் பேச விடமாட்டான்.

எண்பத்தாறு ஜனவரியில் ஒரு வியாழக்கிழமை விடியற்காலையில் நவமணி தூக்கத்திலேயே போய்விட்டாள். பக்கத்து வீட்டுப் பத்துமலை அண்ணன் வீட்டுப் போனில்தான் கனடாவுக்குச் சொன்னார்கள். ஸ்டானிஸ்லாஸ் போனிலேயே கதறி அழுதான். புறப்பட்டு வாரேன், நான் வராமல் அம்மாவை எடுத்துவிடாதீர்கள், நான்தானே மூத்தவன், முதல் மண் நான் போட வேண்டாமா என்றான்.

மறுநாள் சாயங்காலமே அடக்கம் வைத்துவிடலாம் என்றார் சாமியார். கத்தரினும் அதையே சொன்னாள். கஸ்பார் ஒற்றைக் காலில் நின்றான். அண்ணன் வராமல் பெட்டி இந்த வாசலைத் தாண்டாது என்றான். தானே ஃபாக்டரிக்குப் போய் ஐஸ் கட்டிகளை லோரியில் ஏற்றி வந்து, மரத்தூள் தூவி, சாக்குப் போட்டு மூடி, அம்மாவைச் சுற்றி அடுக்கினான். வெள்ளிக்கிழமை கனடாவிலிருந்து போன் வந்தது. பனிப்புயலாம், ஏர்போட்டை மூடிவிட்டார்களாம், இன்னும் ஒரு நாள் பொறுக்க வேண்டுமாம். சனிக்கிழமை காலையில் மறுபடியும் ஐஸ் வந்தது. அன்று அடித்த வெயிலை யாரும் மறக்க முடியாது. கட்டிலுக்கு அடியிலிருந்து தண்ணீர் ஹாலைத் தாண்டி வாசல் சாக்கடை வரை ஓடியது. ஊதுபத்தியும் செண்டும் எதற்கும் பத்தவில்லை. அழ வந்த பெண்கள் வெளியே பந்தலிலேயே உட்கார்ந்துகொண்டார்கள். சாயங்காலம் மறுபடியும் போன். புயல் விடவில்லை, எனக்காகக் காத்திருக்க வேண்டாம், எடுத்துவிடுங்கள்.

ஞாயிறு காலையில் கோயிலுக்கு எடுத்தபோது பெட்டியைத் திறக்க வேண்டாம் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். கடைசியாக ஒரு முத்தம் கொடுக்கக்கூடக் கத்தரினுக்குக் கிடைக்கவில்லை. கல்லறையிலிருந்து திரும்பி வந்து, ஈரம் காயாத ஹாலில் நின்றுகொண்டு அவள் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"அம்மாவ மீன் மாதிரி வச்சிட்டியேண்ணே."

அவன் ஒரு சாக்கை எடுத்து ஹால் ஈரத்தைத் துடைத்தான். ஆனால் வெளியில் அவன் வாய் ஓயவில்லை. கோப்பிக் கடையில் யாராவது, மூத்த மகன் வரலையாமே என்று ஆரம்பித்தால் போதும், பனிப்புயல் என்றால் என்ன என்று அரை மணி நேரம் பாடம் எடுப்பான். ஏரோப்பிளேன் இறக்கையில் ஐஸ் கட்டும் என்பான், ரோடே தெரியாது என்பான், கார் கதவைத் திறக்க முடியாது என்பான். நீங்களெல்லாம் பனியைக் கண்டிருக்கிறீர்களா, நான் வாராவாரம் பார்க்கிறேன் என்பான். கேட்டவர்கள் தலையை ஆட்டிக்கொண்டு கோப்பியைக் குடித்தார்கள்.

அந்த ஜூலையிலும் பெட்டி தவறாமல் வந்தது. கொஞ்ச நாள் பிரிக்காமலே கிடந்தது. கடைசியில் கத்தரினே, போட்டுத் தொலை, அம்மா இருந்தால் இந்நேரம் பார்த்திருப்பாள் என்றாள். அக்டோபர் ஆட்டத்திலிருந்து வரிசையாக ஆரம்பித்தார்கள். வரிசை தப்பிப் பார்ப்பது கஸ்பாருக்கு ஆகாது. ஞாயிறுதோறும் பத்துமலை அண்ணனும் வந்து உட்காருவார். நீலச் சட்டைக்கு அந்த வருசம் நல்ல நேரம், அடித்து நொறுக்கினார்கள். கஸ்பாருக்கும் பழைய உற்சாகம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. கத்தரின்கூட, சிவப்புத் தொப்பி தெரிந்தால் அம்மா மாதிரியே விரலை நீட்டிக் காட்டினாள்.

கிறிஸ்துமசுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை போட்ட ஆட்டம் நல்ல ஆட்டம். முதல் பகுதியிலேயே நீலச் சட்டைக்காரன் அந்தப் பக்கத்து வலையில் ஒன்று போட்டான். கேமரா கண்ணாடிக்குப் பக்கத்தில் போனது. ஸ்டானிஸ்லாஸ் எழுந்து நின்று இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு குதித்தான். ஒரு கையில் காகிதக் குவளை, வாய் நிறையச் சிரிப்பு, தலையில் சிவப்புத் தொப்பி. அண்ணன் நல்லா சதை போட்டுட்டாரு லா என்றார் பத்துமலை. கஸ்பார் கைதட்டினான்.

இடைவேளை வந்தது. வானிலைக்காரன் வந்தான். அவனுக்குப் பக்கத்தில் அன்றைய தேதியை எழுத்தில் போட்டிருந்தது: ஜனவரி, அம்மா போனதற்கு மறுநாள் வெள்ளிக்கிழமை. கஸ்பார் டிவிக்குக் கிட்டே போய்க் குனிந்து பார்த்தான்.

அங்கே வெள்ளி ராத்திரி என்றால் இங்கே சனிக்கிழமை காலை. அந்தச் சனிக்கிழமை காலையில் தான் என்ன செய்துகொண்டிருந்தோம் என்பதை அவன் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. கொக்கியால் ஐஸ் கட்டியை இழுத்து வந்து இதே ஹாலில் போட்டுக்கொண்டிருந்தான். அப்போதும் மனசு கேட்கவில்லை. தேதியை மாற்றிப் போட்டிருப்பார்களோ, ரோட்டில் போகலாம் ஆனால் ஏரோப்பிளேன் மட்டும் ஏற முடியாதோ என்று அண்ணனுக்காக வாதாடிப் பார்த்தான். வானிலைக்காரன் குச்சியை நீட்டினான். படம் முழுக்க மஞ்சள் வட்டம். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரு பூ இல்லை, ஒரு பஞ்சு இல்லை. இந்த வாரம் முழுவதும் இப்படித்தான் இருந்தது, திங்கள் வரைக்கும் இப்படித்தான் இருக்கும் என்று சிரித்துக்கொண்டே சொன்னான்.

பத்துமலை அண்ணன் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, வீட்டில் வேலை இருக்கு என்று முணுமுணுத்தபடி எழுந்து போனார். கஸ்பார் கேசட்டை நிறுத்தக் கையை நீட்டினான்.

"நிறுத்தாத. ஓடட்டும்" என்றாள் கத்தரின். டிவியைப் பார்த்தபடியே, "மஞ்ச வட்டம்னா என்னன்னு அம்மா எனக்குஞ் சொல்லிக் குடுத்திருக்காங்க" என்றாள்.

கடைசி வரை பார்த்தார்கள். நீலச் சட்டைதான் ஜெயித்தது. ஸ்டானிஸ்லாஸ் பக்கத்து இருக்கைக்காரனைக் கட்டிப் பிடித்தான்.

அன்று முழுக்கக் கஸ்பார் சாப்பிடவில்லை. அண்ணன் பொய் சொன்னதுகூட அவனுக்குப் பெரிதாகப் படவில்லை. எத்தனையோ பேர் சொல்கிற பொய்தான். பயம் வந்திருக்கலாம், காசு இல்லாமல் இருந்திருக்கலாம், அழுது முடித்த பிறகு கால் எழும்பாமல் போயிருக்கலாம். ஆனால் இந்தக் கேசட்டைப் பெட்டியில் வைத்துக் கட்டி அனுப்பியிருக்கிறானே! மறைக்க வேண்டும் என்று நினைத்திருந்தால் இந்த ஒன்றை எடுத்து எறிந்திருப்பான். எறிய வேண்டிய கேசட் ஒன்று இருக்கிறது என்பதே அண்ணனுக்குத் தெரியவில்லை. அம்மா செத்த நாள் அவன் மனசில் எந்த ஆட்டத்தோடும் ஒட்டவில்லை. பாவி, உனக்காக அவளை அழுகிப்போக விட்டேனே என்று கஸ்பார் சுவரைப் பார்த்துச் சொல்லி அழுதான். அம்மா செத்தபோதுகூட அவன் அப்படி அழுததில்லை.

கிறிஸ்துமஸ் காலையில் பத்துமலை அண்ணன் வீட்டுக்குப் போன் வந்தது. அவர் கஸ்பாரைக் கூப்பிட்டுவிட்டு, மனைவியையும் அழைத்துக்கொண்டு வெளியே போய் நின்றுகொண்டார். ஸ்டானிஸ்லாஸ் உற்சாகமாக இருந்தான். வாழ்த்துச் சொன்னான், கத்தரினை விசாரித்தான், பிறகு வழக்கம்போல ஆட்டத்துக்கு வந்தான்.

"சீசன் எது வரைக்கும் வந்திருக்கீங்க?"

"ஜனவரி வரைக்கும் வந்திருக்கோம்ணே."

"அப்ப இனிமேத்தான் இருக்கு கூத்தே. நான் வாயத் தொறக்கல லா."

"உன்னப் பாத்தோம்ணே. செவப்புத் தொப்பி போட்டுக்கிட்டு எந்திரிச்சிக் குதிச்ச."

"நான் எதுக்குத்தான் குதிக்கல." ஸ்டானிஸ்லாஸ் சிரித்தான். "எந்த ஆட்டம்?"

"அம்மாவ ஐஸ்ல வச்சிருந்தோமே, அந்த ஆட்டம்."

கஸ்பார் காத்திருந்தான். அண்ணன் ஏதாவது சொல்லட்டும், இன்னொரு பொய்யாக இருந்தாலும் பரவாயில்லை என்று ரிசீவரைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"லைன் சரியாக் கேக்கல தம்பி" என்றான் ஸ்டானிஸ்லாஸ். "அப்புறமாக் கூப்புடுறேன்."

லைன் நன்றாகத்தான் இருந்தது. அங்கே பெட்ரீசியா, சோறு ஆறுது வாங்க என்று சமையல்கட்டிலிருந்து கூப்பிட்டதுகூடக் கஸ்பாருக்குத் தெளிவாகக் கேட்டது.