ஓரின் கொட்டிய தண்ணீர்

என் கணவன் ஓரின், பல் துலக்கும் பிரஷ்ஷின் கைப்பிடியை அறுத்துப் போட்டவன். சுமையில் ஐந்து கிராம் குறையுமாம். நெடுநடைக்காரர்கள் எல்லாருக்கும் இந்தப் பைத்தியம் உண்டு, அவனுக்கு முற்றிப்போயிருந்தது. மெக்சிகோ எல்லையில் தொடங்கி, எங்கேயும் வண்டியேறாமல், கனடா எல்லை வரை நடந்து முடிக்க வேண்டும் என்பது அவன் ஆசை. இரண்டு முறை பாதியில் திரும்பிவிட்டான். இது மூன்றாவது. ஐம்பத்தெட்டு வயதில் இனி நாலாவது கிடையாது என்பது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நாலாம் நாள் காலை, பாலைவனத்தில் மாடுகளுக்குத் தண்ணீர் வைக்கும் தொட்டி ஒன்றில் ஆளுக்கு ஐந்து லிட்டர் பிடித்தோம். அடுத்த தொட்டிக்கு இருபத்தைந்து மைல். நடுவில் மண் சாலை ஓரமாக, நடப்பவர்களுக்கென்று யாரோ புண்ணியவான்கள் தண்ணீர்க் கேன் வைக்கும் இரும்புப் பெட்டி உண்டு. அதை மட்டும் நம்பிப் போகக் கூடாது என்பது இந்தப் பாதையில் பச்சைப்பிள்ளைக்கும் தெரிந்த விஷயம்.

மதியம் ஒரு மணிக்குப் பெட்டியைத் திறந்தோம். கயிற்றில் கோத்த காலிக் கேன்கள்தான் கிடந்தன.

"சரி விடு. உன்கிட்ட எவ்ளோ இருக்கு?" என்றேன்.

அவன் குனிந்து ஷூ லேஸைக் கட்டினான்.

"யோவ், உன்னத்தான்."

"ஒரு வாய் இருக்கும்."

"அஞ்சு லிட்டர் புடிச்சியே?"

"நீ புதர்ப்பக்கம் போனப்ப மூணைக் கொட்டிட்டேன். பெட்டி நெறஞ்சிருக்குன்னு நமக்கு முன்னாடி போன ஒருத்தன் முந்தாநேத்து ஃபோன்ல, இந்தப் பாதைக்கான ஆப்ல எழுதியிருந்தான், வெர்னா. மூணு கிலோவ வீணா எதுக்குச் சுமக்கணும்னு..."

"பிரஷ்ஷோட நிறுத்தியிருக்கலாம்ல?"

வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் தீர்த்தேன். என்னிடம் இரண்டு லிட்டர் மிச்சம், போக வேண்டியது பன்னிரண்டு மைல். பங்கு போட்டுக் குடித்தால் சேர்ந்துவிடலாம் என்று கிளம்பினோம்.

அவன் முன்னால், நான் பின்னால். அவன் முதுகைவிட்டு என் கண் நகரவில்லை. மூன்று மணிக்குச் சட்டை நனைந்திருந்தது. நாலு மணிக்குக் காய்ந்து, உப்புக் கோடு மட்டும் தெரிந்தது. காற்றில் காய்ந்ததா, வியர்ப்பதே நின்றுவிட்டதா? இந்த வெயிலில் வியர்வை நின்றால் உயிருக்கே ஆபத்து.

"ஓரின், ஏதாச்சும் பேசிக்கிட்டே நட."

"நாய்க்குச் சாப்பாடு வெச்சியா?"

எங்கள் நாய் செத்து இரண்டு வருஷம் ஆகிறது.

பிடித்து உட்காரவைப்பதற்குள் அவனே சரிந்துவிட்டான். குடையை விரித்து முகத்துக்கு நிழல் கொடுத்தேன். கொடுத்த தண்ணீரை வாந்தியெடுத்தான். மீதியில் பாதியைக் கழுத்திலும் மார்பிலும் ஊற்றினேன். தொட்டால் சுட்டது. என் பையின் தோள்வாரில் அவசர அழைப்புக் கருவி மாட்டியிருந்தது. பொத்தானை அமுக்கினால் ஹெலிகாப்டர் வரும். என் கை அங்கே போனதும் அவனுக்கு எங்கிருந்தோ தெளிவு வந்தது.

"அதத் தொடாத. ஏறிட்டா எல்லாம் போச்சு. அரை மணி நேரம் குடு, எந்திரிச்சிருவேன்."

"சரி."

"தொட்டேன்னு வையி, ஜென்மத்துக்கும் உன்கூடப் பேச மாட்டேன்."

"சரிய்யா. கண்ண மூடு."

பத்து நிமிஷம் கொடுத்தேன். அதற்குமேல் எனக்குத் தைரியம் இல்லை. மூன்று வருஷமாக அவன் பணமும் தூக்கமும் இந்த நடையில்தான் போயிருந்தன. அமுக்கினேன். விளக்கு மின்னியது. முக்கால் மணி நேரத்தில் வருகிறோம் என்று பதில் வந்தது.

"அமுக்கிட்டேன், ஓரின்."

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். பிறகு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

வானத்தில் ஒரு சத்தமும் இல்லை. தண்ணீர் வேண்டுமா என்றேன், பதில் இல்லை. வலிக்கிறதா என்றேன், அதற்கும் இல்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டேன், உலுக்கினேன். கோபத்தில் பேசாமல் இருக்கிறானா, நினைவு தப்பிவிட்டதா என்று தெரியவில்லை. அவன் கன்னத்தைத் தொட்டேன்.

அவன் என் கையைத் தட்டிவிட்டான்.

கோபம்தான். வெறும் கோபம்தான். குடையைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதேன்.