மேசை விளிம்புக்கு நேராக ஒரு கோடு

பக்கவாதம் வந்து போன பிறகு என் வீட்டுக்காரருக்குக் கை வந்தது, பேச்சு வந்தது, கணக்கு மட்டும் வரவில்லை. காலமெல்லாம் பிள்ளைகளுக்குக் கோணம் நடத்திய வாத்தியார் அவர். பள்ளியில் அவர் இடத்தை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை. அதுவும் போனால் மனுஷன் உடைந்துவிடுவார். அதனால், கணக்கென்றாலே காய்ச்சல் வரும் தையல்காரி நான், அவருக்கு வாத்தியாரம்மா ஆனேன்.

அவருடைய பாடப்புத்தகத்தைப் பார்த்து, துணி வெட்டும் மேசையில் சாக்குக்கட்டியால் படுத்த கோடு ஒன்று போடுவேன். அதன்மேல் சாய்ந்து நிற்கும் கோடு ஒன்று. இரண்டு பக்கத்துக் கோணங்களையும் தொட்டு, "ஏங்க, இது என்ன?" என்பேன்.

"நேரிய கோண இணை. ரெண்டும் சேர்ந்தா நூத்தியெண்பது."

ஒன்றையொன்று வெட்டும் கோடுகளைப் போட்டால், "எதிரெதிரா இருக்கே, குத்தெதிர்க் கோணம். ரெண்டும் சமம்" என்பார். முதலில் திக்கித் திணறியவருக்குப் போகப்போக எல்லாம் தண்ணி பட்ட பாடு. "நீயும் பாஸாயிடுவே போலிருக்கே" என்று ஒரு நாள் கிண்டல் வேறு. அன்றைக்குத்தான் நான் வயிறாரச் சாப்பிட்டேன்.

அவரை மறுபடி வகுப்புக்கு அனுப்பலாமா என்று பார்க்கத் தலைமையாசிரியை எங்கள் வீட்டுக்கு வந்தார். நல்ல மனுஷி. காகிதத்தில் செங்குத்தாக ஒரு கோடு இழுத்து, அதன் நடுவிலிருந்து பக்கவாட்டில் சாய்வாக இன்னொன்று இழுத்தார்.

"சார், இது எந்தக் கோண இணை?"

என் வீட்டுக்காரர் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, பரீட்சையில் பக்கத்துப் பையனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. துணியை மேசை விளிம்புக்கு நேராகப் போட்டுத்தான் நாங்கள் வெட்டுவோம். இல்லாவிட்டால் தைத்த சட்டை ஒரு பக்கமாக இழுத்துக்கொள்ளும். அந்தப் பழக்கத்தில் ஒரு நாளாவது கோட்டைத் திருப்பி வரைந்தேனா, பாவி? அவருக்குக் கோணம் திரும்ப வரவே இல்லை. என் படத்தைத்தான் மனப்பாடம் செய்திருக்கிறார்.

மனசு கேட்கவில்லை. செங்குத்துக் கோடு படுத்துக்கொள்ளும்படி காகிதத்தைத் திருப்பி வைத்தேன்.

"அட, நேரிய கோண இணை!" முகமெல்லாம் சிரிப்பு. "திங்கக்கிழமையே வந்துடட்டா மேடம்?"

தலைமையாசிரியை என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் அதற்குள் எழுந்துபோய், பள்ளிக்குப் போட்டுக்கொள்ளத் தோதான சட்டையை அலமாரியில் தேட ஆரம்பித்துவிட்டார்.